ஈஸ்டர் தீவின் எழுத்து சிந்துவெளி எழுத்தா? அந்த மக்களுக்கு என்ன ஆயிற்று?

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஈஸ்டர் தீவின் மரப்பலகைகளில் இருப்பது சிந்துவெளி எழுத்துதானா, அப்படியென்றால் அந்தப் பெரிய கற்சிலைகளைச் செய்தது தமிழர்களா என்பது முதலாவது. சிலைகளை நகர்த்துவதற்காக இருந்த மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு அந்த மக்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள் என்பது உண்மையா என்பது இரண்டாவது. இப்போது அங்கே யாராவது இருக்கிறார்களா என்பது கடைசி. இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: அந்தத் தீவுக்காரர்கள் யார், அவர்களுக்கு என்ன நடந்தது? காணொளியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

கல்வெட்டுகளைப் படியெடுப்பதும் படிப்பதும் என் தொழில். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் என்று பழகிய கை. ஈஸ்டர் தீவுக்கு நான் போனதில்லை. அந்தப் பலகைகளைப் படங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு எழுத்துகளை ஒப்பிடும் வேலை எப்படி நடக்கும், எந்த இடத்தில் சறுக்கும் என்பது நன்றாகவே தெரியும். தீவின் வரலாற்றை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பேசினால் பாதி பதில்தான் ஆகும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அது எங்கே இருக்கிறது என்பது மனதில் பதிய வேண்டும். தீவுக்காரர்கள் தங்கள் மண்ணையும் மொழியையும் தங்களையும் ராப்பா நூயி என்றே சொல்கிறார்கள். பசிபிக் பெருங்கடலில் தனியாகக் கிடக்கும் தீவு, பரப்பளவு சுமார் 164 சதுர கிலோமீட்டர். முக்கோண வடிவம், மூலைக்கு ஒரு அணைந்த எரிமலை. கிழக்கே சிலி நாட்டின் கரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். மேற்கே ஆள் வசிக்கும் அடுத்த தீவான பிட்கேர்ன் 2,000 கிலோமீட்டர். இப்படி ஒரு இடத்தை வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் கண்டுபிடித்துக் குடியேறியவர்கள் பாலினேசியக் கடலோடிகள். இது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. மொழி, மரபணு, தோண்டி எடுத்த பொருட்கள், வாய்மொழிக் கதைகள் எல்லாமே ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. மலேசியாவில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: மலாயில் இரண்டு ‘துவா’, ஐந்து ‘லீமா’. ராப்பா நூயியில் ‘ருவா’, ‘ரீமா’. மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை பரவிய ஒரே பெரிய மொழிக்குடும்பத்தின் கிழக்குக் கோடிதான் இந்தத் தீவு.

எப்போது வந்தார்கள் என்பதில் கருத்து மாறியிருக்கிறது. பழைய புத்தகங்களில் பொ.ஆ. 400, 800 என்றெல்லாம் பார்க்கலாம். இந்த நூற்றாண்டில், பழம்பொருளின் வயதைக் கணிக்கும் கரிம ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது, நம்பத்தக்க மாதிரிகள் எல்லாம் 1200ஐ ஒட்டியே வந்து நின்றன. ஆகவே சோழர்கள் ஆண்ட காலத்தின் பிற்பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். ஹோட்டு மாட்டுவா என்ற தலைவன் இரட்டைப் படகில் வந்து அனக்கேனா கடற்கரையில் இறங்கினான் என்பது அவர்கள் சொல்லும் கதை. கதையின் விவரங்களுக்குச் சான்று தேட முடியாது. ஆனால் அனக்கேனாவில் பழைய குடியிருப்பின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

2024இல் நேச்சர் இதழில் ஒரு மரபணு ஆய்வு வந்தது. பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 15 ராப்பா நூயிகளின் எலும்புகளிலிருந்து எடுத்தது. அவர்களுடைய மூதாதையர் பாலினேசியர்கள். சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டும் தென் அமெரிக்கப் பழங்குடிக் கலப்பு. அந்தக் கலப்பு ஏறத்தாழ 1250க்கும் 1430க்கும் இடையில், அதாவது கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே நடந்திருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவின் பயிர். அது பாலினேசியா முழுக்க எப்படிப் பரவியது என்ற பழைய புதிருக்கும் இது பொருந்துகிறது. பாலினேசியர்கள் அமெரிக்கா வரை போய் வந்தார்களா, அங்கிருந்து யாராவது வந்தார்களா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் முன்னதையே ஏற்கிறார்கள். இந்தியாவிலிருந்து யாரும் போன தடயம் அதில் இல்லை. இத்தோடு முதல் கேள்வியின் பாதி முடிந்தது.

இப்போது எழுத்துக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி. அதன் பெயர் ரோங்கோரோங்கோ. மரப்பலகைகளில் சுறாப்பல்லாலோ எரிமலைக் கண்ணாடிச் சில்லாலோ கீறிய சின்னச் சின்ன உருவங்கள்: நிற்கும் மனிதன், பறவை, மீன், செடி, பிறை. கீழ் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கம் போக வேண்டும். வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பினால் அடுத்த வரி நேராக வரும். அதாவது ஒவ்வொரு மாற்று வரியும் தலைகீழாகக் கீறப்பட்டிருக்கிறது. உலகில் வேறெங்கும் இப்படி ஒழுங்காகக் கடைப்பிடித்த வழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. எஞ்சியிருப்பவை இருபத்தைந்து பொருட்கள் அளவில்தான். ரோம், சான்டியாகோ, லண்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று சிதறிக் கிடக்கின்றன. தீவில் ஒரு மூலப் பலகைகூட இல்லை.

சிந்துவெளி ஒப்பீடு காணொளிக்காரர் கண்டுபிடித்ததில்லை. 1932இல் ஹங்கேரியரான ஹெவெசி என்பவர் பாரிஸில் முன்வைத்த கருத்து அது. மொகெஞ்சதாரோ, ஹரப்பா முத்திரைகள் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். இரண்டு எழுத்துகளிலிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட குறிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாருங்கள் ஒன்றேபோல் இருக்கின்றன என்றார். அந்த அட்டவணைதான் இன்றுவரை கைமாறிக் கைமாறி உங்கள் கைபேசி வரை வந்திருக்கிறது. அதை மறுத்தவர் பெயரை மட்டும் யாரும் அனுப்புவதில்லை. ஆல்ஃபிரெட் மெட்ரோ என்ற மானிடவியலாளர் 1934–35இல் தீவிலேயே தங்கி வேலை செய்தவர். அவர் மூலப் பலகைகளோடு அட்டவணையை ஒத்துப் பார்த்தபோது, பல குறிகள் பொருத்தத்துக்காக மாற்றி வரையப்பட்டிருந்தன. எங்கோ ஒரு கோடு கூடியிருந்தது, எங்கோ ஒரு கை குறைந்திருந்தது, அளவுகளும் சமமாக்கப்பட்டிருந்தன.

ஹெவெசி ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். கையால் பார்த்து வரையும்போது இது தானாகவே நடக்கும். அதனால்தான் எங்கள் தொழிலில் கல்வெட்டைப் பார்த்து எழுதுவதை யாரும் நம்புவதில்லை. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, காய்ந்து வரும் பக்குவத்தில் மையை ஒற்றி எடுக்கிறோம். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மற்றது கறுப்பாகும். அந்த மைப்படியில் உங்கள் ஆசைக்கு இடமில்லை. அதையே கண்ணால் பார்த்து நோட்டில் வரையச் சொல்லுங்கள், ஒரே எழுத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக வரைந்து வருவார்கள். இருவருமே தாங்கள் எதிர்பார்த்ததைத்தான் வரைந்திருப்பார்கள்.

ஒருவேளை அட்டவணை முழுவதும் சரியாகவே இருந்தாலும் வாதம் நிற்காது. ஐராவதம் மகாதேவன் 1977இல் தொகுத்த பட்டியலில் சிந்துவெளிக் குறிகள் 417. ஜெர்மன் ஆய்வாளர் தாமஸ் பார்த்தெல் 1958இல் தொகுத்த ரோங்கோரோங்கோ பட்டியலில் சுமார் 600. இரண்டிலும் மனிதன், மீன், செடி மாதிரி உருவங்கள்தான் நிறைய. நானூறையும் அறுநூறையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் ஜோடி கிடைக்கும். அதில் நூறு ஒத்துப்போகாவிட்டால்தான் ஆச்சரியம். அதோடு, சிந்துவெளி எழுத்து பொ.ஆ.மு. 1900 வாக்கில் வழக்கொழிந்தது. தீவில் மனிதன் கால் வைத்தது பொ.ஆ. 1200 வாக்கில். நடுவில் மூவாயிரம் ஆண்டு. அந்த மூவாயிரம் ஆண்டில், வழியில் உள்ள எந்தத் தீவிலும் இந்த எழுத்தின் சுவடு இல்லை. தூரத்தைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும்: மொகெஞ்சதாரோவில் நின்று பூமிக்குள் நேராகத் துளை போட்டால், ஈஸ்டர் தீவிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் வெளியே வரலாம். பூமியில் அதைவிடத் தொலைவாகப் போக இடமே கிடையாது. இந்தத் தகவலையே ‘பார்த்தீர்களா, தற்செயலாக இருக்குமா’ என்று இன்னொரு காணொளி சொல்கிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

சரி, ரோங்கோரோங்கோவில் என்னதான் எழுதியிருக்கிறது? யாரும் படித்துவிடவில்லை. 1990களில் ஒரு மொழியியலாளர் படித்துவிட்டதாக அறிவித்தார், துறையில் அது ஏற்கப்படவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: மாமாரி என்று பெயரிட்ட பலகையில் சில வரிகள் பிறை வளர்ந்து தேய்வதைக் கணக்கிடும் நாட்காட்டி. அதைப் பார்த்தெல் அடையாளம் கண்டார், பின்னால் வந்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். மற்றபடி அது முழுமையான எழுத்தா, பாட்டை நினைவுபடுத்திக்கொள்ளும் குறிப்பா என்பதுகூட வாதத்தில்தான் இருக்கிறது.

அது எவ்வளவு பழையது என்பதும் அப்படியே. 1770இல் ஸ்பானியக் கப்பல் வந்து, தீவை ஸ்பெயின் மன்னருக்குச் சேர்த்துக்கொள்ளும் பத்திரத்தில் தலைவர்களைக் கையொப்பக் குறி போட வைத்தது. அதைப் பார்த்துத்தான் எழுத்து என்ற யோசனையே அவர்களுக்கு வந்தது என்று ஒரு கருத்து நெடுநாளாக உண்டு. 2024இல் ரோமில் உள்ள நான்கு பலகைகளைக் கரிம ஆய்வு செய்தார்கள். மூன்று 19ஆம் நூற்றாண்டு மரம். ஒன்று மட்டும் 1500ஐ ஒட்டி வெட்டப்பட்ட மரம், ஐரோப்பியர் வருவதற்கு இருநூறு ஆண்டு முன்பு. உடனே பத்திரிகைகள் ‘சுயமாகக் கண்டுபிடித்த எழுத்து’ என்று தலைப்புப் போட்டன. எனக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் அது மரத்தின் வயது, கீறலின் வயது இல்லை. பல்லவர் காலக் கல்லில் நாயக்கர் காலத்து வரிகள் இருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அந்தத் தீவில் மரமே அரிது. கரை ஒதுங்கிய பழைய மரத்தை வைத்திருந்து பின்னால் கீறியிருக்கலாம். ஒரே ஒரு பலகையை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

படிக்கத் தெரிந்தவர்களைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அந்த வாய்ப்பு இருந்தது, போய்விட்டது. எப்படிப் போயிற்று என்பது உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலோடு சேர்ந்தே வருகிறது.

சிலைகளை மோவாய் என்பார்கள். தீவு முழுக்க ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய எல்லாமே ரானோ ராராக்கு என்ற ஒரே எரிமலைச் சரிவில் வெட்டியவை. அங்கே இன்னும் நானூறு அளவுக்குப் பாதியில் நிற்கின்றன, கிடக்கின்றன. தலை மட்டும் தெரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் தலைகள் இல்லை, முழு உடலும் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. மோவாய்கள் குலத்து முன்னோர்கள். கடலோர மேடைகளில், கடலுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்து நிறுத்துவார்கள். மேடையில் ஏற்றிய பிறகுதான் கண்குழி செதுக்குவார்கள். வெள்ளைப் பவளத்தில் கண்ணும் சிவப்புக் கல்லில் பாவையும் வைப்பார்கள். 1978இல் அனக்கேனாவில் அப்படி ஒரு கண் தோண்டி எடுக்கப்பட்ட பிறகுதான் இது உறுதியாயிற்று. கோயில் சிற்பத்துக்குக் கண் திறக்கும் சடங்கு தெரிந்த நமக்கு இதில் புதிர் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது. கண் திறந்தால்தான் உருவத்துக்கு உயிர் வரும் என்று நினைத்த சமூகங்கள் உலகில் பல உண்டு.

எப்படி நகர்த்தினார்கள்? மரத்தை உருளையாகப் போட்டு என்பது பழைய ஊகம், யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தீவுக்காரர்களைக் கேட்டால் ‘நடந்து போயின’ என்றார்கள், கேட்டவர்கள் சிரித்தார்கள். 2012இல் டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரண்டு ஆய்வாளர்களின் குழு நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலை ஒன்றைச் செய்து நிறுத்தி, மூன்று கயிறு கட்டி, பதினெட்டு பேரை வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி நடத்திக் காட்டியது. நாற்பது நிமிடத்தில் நூறு மீட்டர். பீரோவை மூலை மூலையாகத் திருப்பி நகர்த்துவோமே, அதே வித்தை. வழியில் விழுந்து கிடக்கும் சிலைகளுக்கு அடிப்பாகம் அகலமாகவும் சற்று முன்சாய்ந்தும் இருப்பது இதற்கு ஒத்துப்போகிறது. எல்லாச் சிலையும் இப்படித்தான் போனதா என்றால், எண்பது டன் சிலையில் யாரும் சோதித்ததில்லை. ஆனால் உருளைக்காகக் காட்டை அழித்தார்கள் என்ற கதைக்கு இருந்த ஒரே காலும் ஆட்டம் கண்டுவிட்டது.

காடு அழிந்தது உண்மைதானா? உண்மைதான். எரிமலைக் குளங்களின் சேற்றில் கிடைத்த மகரந்தம் பார்த்தால், தீவு முழுக்க ஒருவகைப் பெரிய பனை நின்றிருக்கிறது. 1722இல் ஐரோப்பியர் வந்தபோது அது இல்லை. மனிதர்கள் விளைநிலத்துக்காக வெட்டியதும் எரித்ததும் உறுதி. அவர்களோடு படகில் வந்த எலிகள் பனங்கொட்டைகளைக் கொறித்துப் புதுக் கன்று முளைக்காமல் செய்ததும் உறுதி. கொறித்த தடத்தோடு கொட்டைகளே கிடைத்திருக்கின்றன. இரண்டில் யார் பங்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை.

ஆனால் காடு போனதால் மக்களும் போனார்கள் என்பது தனிக் கூற்று, அதற்குத் தனியாகச் சான்று வேண்டும். பதினைந்தாயிரம் பேர் வாழ்ந்து, பஞ்சமும் போரும் வந்து, ஒருவரையொருவர் தின்று, மூவாயிரமாகக் குறைந்தார்கள் என்பது உலகமெங்கும் விற்ற கதை. 2024இல் வந்த இரண்டு ஆய்வுகள் அதை நன்றாகவே அடித்துவிட்டன. ஒன்று, மேலே சொன்ன மரபணு ஆய்வு. மக்கள் தொகை அப்படிச் சரிந்திருந்தால் மரபணுவில் வடு இருக்கும். 1600களில் அப்படி எதுவும் இல்லை. மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டாவது, செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கல்தோட்டங்களை அளந்த ஆய்வு. தீவின் மண் சத்தில்லாத மண், காற்று ஓயாது. அதனால் கல்லை உடைத்து நிலத்தில் பரப்பி, இடையில் சர்க்கரைவள்ளி நட்டார்கள். ஈரம் நின்றது, பாறையிலிருந்து சத்தும் இறங்கியது. அந்தத் தோட்டங்களின் மொத்தப் பரப்பு முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவு, ஒரு சதுர கிலோமீட்டருக்கும் கீழே. அதை வைத்து மூவாயிரம் பேர் அளவுக்குத்தான் சாப்பிட முடியும். ஆக, பதினைந்தாயிரம் என்ற உச்சமே இல்லாமல் இருந்திருக்கலாம். உச்சம் இல்லையென்றால் வீழ்ச்சியும் இல்லை. இரண்டாவது ஆய்வின் கணக்கை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். கல் பரப்பாத நிலத்திலும் பயிர் இருந்திருக்கும் என்பது அவர்கள் வாதம், அது நியாயமான வாதம்தான்.

குலச் சண்டைகள் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1722இல் டச்சுக்காரர் ரோகவீன் ஈஸ்டர் நாளில் வந்தபோது சிலைகள் நின்றுகொண்டிருந்தன. தீவுக்கு வெளியார் வைத்த பெயரும் அந்த நாளில் வந்ததுதான். முதல் சந்திப்பிலேயே அவருடைய ஆட்கள் பத்துப் பேர் அளவுக்குச் சுட்டுக் கொன்றார்கள். 1774இல் ஆங்கிலக் கடலோடி குக் வந்தபோது சில விழுந்து கிடந்தன. 1860களின் கடைசியில் மேடையில் ஒன்றுகூட நிற்கவில்லை. இன்று மேடைகளில் நிற்பவை எல்லாம் 1950களிலும் அதற்குப் பிறகும் தூக்கி நிறுத்தியவை. யார் தள்ளினார்கள், ஏன் என்பதற்குக் குலப் பகை என்பது பொதுவான விடை. அதோடு முன்னோர் வழிபாட்டின் பிடி தளர்ந்து ‘பறவை மனிதன்’ என்ற புது வழக்கம் மேலேறியதையும் சேர்க்க வேண்டும். ஓரோங்கோ என்ற செங்குத்துப் பாறை உச்சியில் குலங்கள் கூடும். ஆளுக்கு ஒரு இளைஞன் பாறையில் இறங்கி, சுறா திரியும் கடலை நீந்தி, மோட்டு நூயி என்ற சிறு தீவில் காத்துக் கிடந்து, அந்தப் பருவத்தின் முதல் கடற்பறவை முட்டையை உடையாமல் கொண்டு வர வேண்டும். யாருடைய ஆள் கொண்டு வருகிறானோ அந்தத் தலைவன் அந்த ஆண்டுக்குப் பறவை மனிதன். இது 1860கள் வரை நடந்தது. அழிந்துபோன சமூகம் இப்படி ஆண்டுதோறும் விழா நடத்தாது.

உண்மையான பேரழிவுக்குத் தேதி உண்டு. 1862 டிசம்பர். பெரு நாட்டுக்கு ஆள் பிடிக்கும் கப்பல்கள் வந்தன. கரையில் பளபளப்பான பொருட்களைப் பரப்பினார்கள், மக்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சமிக்ஞையாக வெடி வெடித்து, சூழ்ந்து கட்டி இழுத்துப் போனார்கள். சில மாதங்களில் ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு பேர். பெருவின் பண்ணைகளிலும் வீடுகளிலும் வேலை; பெரும்பாலோர் நோயில் செத்தார்கள். வெளிநாட்டு எதிர்ப்பு வந்ததும் மிச்சமிருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே பலர் இறந்து, கரை சேர்ந்தவர்கள் பதினைந்து பேர் அளவில். அவர்களோடு பெரியம்மையும் இறங்கியது. பிறகு காசநோய். அப்புறம் டுட்ரூ–போர்னியே என்ற பிரெஞ்சுக்காரன் ஆட்டுப் பண்ணை போட வந்து, இருந்தவர்களையும் விரட்டினான். பலர் தஹிதி, மங்கரேவா என்ற வேறு தீவுகளுக்குப் போய்விட்டார்கள். 1877இல் எண்ணியபோது தீவில் இருந்தவர்கள் 111 பேர்.

எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் தலைவர் குடும்பத்தாரும் பூசாரிகளும்தான். பெருவுக்குப் போனவர்களில் அவர்களும் இருந்தார்கள். 1864இல் வந்த எஜேன் எரோ என்ற கிறிஸ்தவ மிஷனரி, வீட்டுக்கு வீடு பலகைகள் இருப்பதாக எழுதி வைத்திருக்கிறார். நாலைந்து ஆண்டு கழித்து தஹிதியின் ஆயர் ஜோசான் தேடச் சொன்னபோது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிடைத்தன. தஹிதிக்கு வேலைக்கு வந்த மெட்டோரோ என்ற தீவுக்காரரை அழைத்துப் படிக்கச் சொன்னார் ஆயர். அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பாடினார்; ஆனால் அது ‘இவன் ஒரு மனிதன், இது பறவை’ என்று உருவத்தைச் சொல்லிக்கொண்டு போன பாட்டாகவே இருந்தது. 1914–15இல் காத்தரின் ரவுட்லெட்ஜ் என்ற ஆங்கிலப் பெண் ஆய்வாளர், தொழுநோயாளிகளின் குடியிருப்பில் ஒரு முதியவரைத் தேடிப் பிடித்தார். அவர் தாளில் சில குறிகளை எழுதிக் காட்டினார், கொஞ்சம் பாடினார். சில நாட்களில் இறந்துபோனார்.

மூன்றாவது கேள்வி. இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். அந்த 111 பேரிலும் வெளியே போய்த் திரும்பியவர்களிலும் இருந்து வந்தவர்கள்தான் இன்றைய ராப்பா நூயிகள். 1888இல் சிலி நாடு தீவைச் சேர்த்துக்கொண்டது. அன்று தலைவர் ஆட்டாமு டெக்கேனா புல்லோடு மண்ணைப் பிடுங்கி, புல்லைச் சிலி அதிகாரியிடம் கொடுத்துவிட்டு மண்ணைத் தன்னிடம் வைத்துக்கொண்டார் என்பது அவர்கள் சொல்லும் கதை; நிலம் எங்களுடையது, மேய்ச்சல் மட்டும் உனக்கு என்று பொருள். சிலியோ தீவை ஆட்டுப் பண்ணைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. 1953 வரை பல பத்தாயிரம் ஆடுகள் தீவு முழுக்க மேய, தீவுக்காரர்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் சுவர் வைத்து அடைக்கப்பட்டிருந்தார்கள். 1914இல் ஆங்காட்டா என்ற மூதாட்டி, ஆடுகள் நம்முடையவை என்று கடவுள் கனவில் சொன்னதாக அறிவித்துக் கலகம் நடத்தியிருக்கிறார். ரவுட்லெட்ஜ் அப்போது தீவில் இருந்து அதை எழுதி வைத்தார். முழுக் குடியுரிமை கிடைத்தது 1966இல்தான்.

2017 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 7,750. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ராப்பா நூயிகள். ஸ்பானிய மொழியின் அழுத்தத்தில் அவர்களுடைய மொழி குழந்தைகளிடம் தேய்ந்து வருவதுதான் இன்றைய கவலை. சிலைகள் இருக்கும் தேசியப் பூங்காவை 2017 முதல் மாவு ஹெனுவா என்ற அவர்களுடைய சமூக அமைப்பே நிர்வகிக்கிறது. பிப்ரவரியில் தாப்பாட்டி விழா நடக்கும். அதில் இளைஞர்கள் இரண்டு வாழைத்தண்டைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் படுத்துக்கொண்டு மலைச்சரிவில் தலைதெறிக்க வழுக்கி வருவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கரோனா காலத்தில் தீவு இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியாருக்கு மூடியிருந்தபோது, பழையபடி தோட்டம் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். 1868இல் ஆங்கிலேயக் கப்பல் எடுத்துப் போய் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஹோவா ஹக்கானானாயியா என்ற மோவாயைத் திருப்பித் தரச் சொல்லி 2018இல் நேரில் போய்க் கேட்டார்கள், இன்னும் கிடைக்கவில்லை. சிலியின் தலைநகர் அருங்காட்சியகத்திலிருந்த ஒரு மோவாய் 2022இல் ஊர் திரும்பியது.

பசிபிக்கில் தமிழைத் தேடுகிறவர்களுக்கு நல்ல பொருள் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் 1836 வாக்கில் கொலென்ஸோ என்ற மிஷனரி மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவிக்கும் வெண்கலப் பாத்திரம் ஒன்றைப் பார்த்தார். அது உடைந்த கப்பல் மணி. அதன் விளிம்பில் தமிழ் எழுத்து: முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்று. இப்போது வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தை வைத்து நீங்களே எழுத்துக் கூட்டிப் படிக்கலாம், எந்த அட்டவணையும் தேவையில்லை. ஆனால் மணி போனது மட்டுமே தெரியும். முகைதீனின் கப்பலே போயிற்றா, வேறு யாரோ மணியை வாங்கிக் கொண்டுபோனார்களா என்பதற்கு விடை கிடையாது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் கதைக்கோ கப்பல் பதிவேடே இருக்கிறது. அதைப் பற்றிக் காணொளி அனுப்புபவர்கள் குறைவு.

போய்ப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். சான்டியாகோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் விமானம். 2018 சட்டப்படி சுற்றுலாப் பயணி முப்பது நாளுக்கு மேல் தங்க முடியாது. சிலைகள் இருக்கும் பெரும்பாலான இடங்களுக்குள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். அந்த வழிகாட்டியிடம் சிந்துவெளி அட்டவணையைக் காட்டாதீர்கள். ரானோ ராராக்குவில் பாதி செதுக்கி விட்ட சிலைகளின் முதுகுப்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாறையோடு ஒட்டியிருக்கும் அந்த இடத்தில் உளிக்கல் விழுந்த தடங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். முடிந்தால் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.